தகட்டைப் படிக்க மறுக்கும் டிரைவ்: கேள்வி பதில்

கேள்வி: என் டிவிடி டிரைவ் திரைப்பட டிவிடிகளைத் தடையின்றிப் படிக்கிறது. எந்த சிடியைப் போட்டாலும் சிறிது நேரம் சுழற்றிப் பார்த்துவிட்டுத் தகடே இல்லை என்கிறது. லென்ஸைத் துடைத்தால் சரியாகுமா?

பதில்: துடைத்துப் பாருங்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர்கள் உள்ளன. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. பெரும்பாலான டிரைவ்களில் இரண்டும் ஒரே லென்ஸின் வழியாகத்தான் வெளியேறுகின்றன. அழுக்குதான் காரணம் என்றால் இரு வகைத் தகடுகளும் தடுமாற வேண்டும். சொல்லப்போனால், தடங்களின் இடைவெளி சிடியில் 1.6 மைக்ரோமீட்டராகவும் டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டராகவும் இருப்பதால், முதலில் திணறுவது டிவிடியாகவே இருக்கும். உங்களுக்கு நேர்மாறாக நடப்பதால், சிடிக்குரிய லேசர் வலுவிழந்துவிட்டது என்றே கருதுகிறேன்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. தொழிற்சாலையில் அச்சான சிடி தன்மேல் படும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அழித்து எழுதக்கூடிய சிடியோ 15 முதல் 25 விழுக்காட்டைத்தான் அனுப்பும். லேசர் தளரத் தொடங்கும்போது இரண்டாம் வகை முதலில் கைவிட்டுப்போகும், அச்சுத் தகடு மேலும் சில காலம் ஓடும். எனவே கேள்வி கேட்பவர்கள் எந்த வகைத் தகடு ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதைத் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். டிரைவைத் திறந்தால் லென்ஸ் அருகிலுள்ள சிறு திருகைத் தொடாதீர்கள்.

கேள்வி: விண்டோஸில் டிரைவின் ஐகானே தெரியவில்லை.

பதில்: முதலில் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய கணினியின் அமைப்புத் திரையில், டிரைவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கணினியை அணைத்து, தரவைக் கடத்தும் சாட்டா கேபிளையும் மின் கேபிளையும் கழற்றி மாட்டுங்கள், அல்லது வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். பயாஸில் இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால், பழைய சிடி எழுதும் மென்பொருள் ஏதேனும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) விட்டுச்சென்ற அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் மதிப்புகள் காரணமாக இருக்கலாம். ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்த பின்னரே, டிவிடி, சிடிராம் சாதனங்களுக்குரிய பிரிவில் மட்டும் அவற்றை நீக்கிவிட்டு, கணினியை மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: டிவிடியின் கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை.

பதில்: டிரைவில் குறையில்லை; விண்டோஸ் 10-இல் டிவிடி படங்களை ஓட்டும் வசதி உடன் வருவதில்லை. படங்களை ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சியை நிறுவுங்கள்.

கேள்வி: அந்தத் திருகைத் தொட வேண்டாம் என்கிறீர்கள். நான் கால் சுற்றுத் திருப்பினேன், செத்துக் கிடந்த டிரைவ் உயிர்பெற்றுவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உயிர்பெற்றிருக்கும், அதை மறுக்கவில்லை. அந்தத் திருகு லேசரின் வெளியீட்டு அளவைத் தொழிற்சாலையில் அளவி கொண்டு நிர்ணயிக்கும் மாறு மின்தடை. தளர்ந்த லேசருக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்தால் சிறிது காலம் படிக்கும். அதே மின்னோட்டம் அதன் எஞ்சிய ஆயுளையும் விரைவாகத் தின்றுவிடும். அளவி இல்லாமல் திருப்புகிறவருக்கு எவ்வளவு கூட்டினோம் என்பதே தெரியாது.

கேள்வி: எப்படியும் குப்பைக்குப் போகவிருந்த டிரைவ்தானே, இழக்க என்ன இருக்கிறது?

பதில்: அப்படியானால் நம் கருத்து வேறுபாடு சிறியதுதான். வேறு எங்கும் படிக்காத பழைய தகட்டிலிருந்து கோப்புகளை நகலெடுக்க, கடைசி முயற்சியாக ஒருவர் அதைத் திருப்பினால் நான் தடுக்கமாட்டேன். நான் எதிர்ப்பது, லென்ஸில் தூசி மட்டுமே படிந்த நல்ல டிரைவிலும் அதை முதல் மருந்தாகப் பரிந்துரைப்பதை. தூசியால் குறைந்த ஒளியை லேசரின் திறனைக் கூட்டி ஈடுகட்டிவிட்டு, பிறகு தூசியையும் துடைத்தால், டிரைவின் மின்சுற்று எதிர்பார்க்கும் அளவைவிட அதிக ஒளி திரும்பி வரும். அப்போது நல்ல தகடும் பிழையாகத் தெரியலாம். கண்ணையும் மறக்காதீர்கள்: மூடி திறந்த டிரைவுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. சிடியின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாதது. அதன் ஆபத்தே அதுதான்.

கேள்வி: லென்ஸைத் துடைக்கலாமா?

பதில்: இதே கேள்வி இன்னும் சிலரிடமிருந்தும் வந்திருப்பதால், அனைவருக்கும் சேர்த்து ஒரே முறை சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைத் துண்டியுங்கள், பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள், உலரவிடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது. அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். அசிட்டோன் வேண்டாம், லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக். திருகைத் தொடாதீர்கள்.

கேள்வி: யூஎஸ்பி டிரைவ் டிக் டிக் என்று ஒலித்துவிட்டு நின்றுவிடுகிறது.

பதில்: மின்சாரம் போதவில்லை என்று நினைக்கிறேன். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தருவதற்கே கடமைப்பட்டது. தகடு சுழலத் தொடங்கும் கணத்தில் டிரைவுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். ஹப்பைத் தவிர்த்துக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள், அல்லது இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நண்பர் எழுதித் தந்த டிவிடி அவர் கணினியில் மட்டும் ஓடுகிறது.

பதில்: ஃபைனலைஸ், அதாவது மற்ற டிரைவ்களும் படிக்கும்படி எழுதிய தகட்டை இறுதியாக மூடும் வேலையை, செய்யாமல் விட்டிருப்பார். அவர் கணினியிலேயே அதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: நடுத்துளையின் ஓரம் விரிசல் விட்ட சிடியை ஒரு முறை மட்டும் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. 52 மடங்கு வேக டிரைவில் தகடு நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்றுகள் வரை சுழலும்; விரிசல் அந்த வேகத்தைத் தாங்காமல் தகடு உள்ளேயே சிதறலாம்.

கேள்வி: புளூரே தகட்டை டிவிடி டிரைவ் படிக்குமா? லென்ஸைத் துடைத்தும் படிக்கவில்லை.

பதில்: படிக்காது. அதற்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும், உங்கள் டிரைவில் அது இல்லை.