அடுக்ககக் காலி இடத்தில் கூட்டுத் தோட்டம் போட முடியுமா?

"சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் 1000 சதுர அடி சும்மா கிடக்கிறது. 20 வீடுகள் சேர்ந்து காய்கறி போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடலாம். முழு இடத்திலும் கை வைக்க வேண்டாம்; உள்ளளவு 8 அடிக்கு 4 அடியாக ஆறு பாத்தி போதும். 4 அடிக்கு மேல் அகலமானால் நடுவில் கை எட்டாது, உள்ளே மிதித்து மண் இறுகிவிடும்.

வெயிலை மார்கழிக் கணக்கில் பாருங்கள். தெற்கே 50 அடி உயரக் கட்டடம் இருந்தால், அந்த மாதம் உச்சிவேளையில்கூட நிழல் வடக்கே 37 அடி வரை விழும். சித்திரையில் இடம் குறித்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுக்ககத்து மண்ணில் பாதி செங்கல் துண்டும் சிமென்டும்தான். அதைத் திருத்த மெனக்கெடாமல், கடப்பாரையால் கிளறிவிட்டு, மேலே ஹாலோ பிளாக் வைத்து ஓர் அடி உயரத்துக்குப் பாத்தி கட்டுங்கள். அடியில் சிமென்ட் பூச்சு கூடாது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினாலும் வேர் தப்பிக்கும். ஒரு பாத்திக்கு 32 கன அடி கலவை பிடிக்கும்: பாதி செம்மண், கால் பங்கு மக்கிய தொழு உரம், கால் பங்கு அலசிய தென்னை நார்க்கழிவு. ஆறு பாத்திக்குச் செம்மண் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, வாங்கினால் சரியாக வரும். சாணம் பச்சையாக இருந்தால் வண்டின் வெள்ளைப் புழு வந்து வேரைத் தின்னும். கையில் எடுத்தால் உதிர வேண்டும், நாறக் கூடாது.

முதல் போகம் கீரை மட்டும். பாத்திக்கு ஒரு டீஸ்பூன் தண்டுக்கீரை விதையை இரண்டு கை மணலோடு கலந்து தூவுங்கள். மணல் இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். 25, 30 நாளில் பறிக்கலாம். கத்தரியில் தொடங்கினால் இரண்டு மாதம் காய்க்காத செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வராது.

சமையல் கழிவை உரமாக்கலாம், அதே அளவு காய்ந்த இலையோடு. சாதம், மீன் முள் விழுந்தால் பெருச்சாளி குடியேறிவிடும்.

எல்லாருக்கும் பொது என்று விட்ட பாத்திதான் முதலில் காயும். மூன்று, நான்கு வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பெயர் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள். கோடையில் பாத்திக்குத் தினம் 20 லிட்டர், அதாவது இரண்டு வாளி. மே மாதம் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் ஏப்ரல் கடைசியிலேயே அறுத்து முடித்து, காய்ந்த இலையை மூன்று அங்குலம் மூடாக்காகப் போட்டுவிட்டு, ஆடியில் மறுபடி விதையுங்கள்.