தேம்ஸ் டவுனுக்கு ஒரு பகல்: கேள்வி பதில்

ஷாங்காய் நகரின் நடுவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி, சோங்ஜியாங் பகுதியில் ஆங்கிலேய ஊர் ஒன்றை அச்சு அசலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் தேம்ஸ் டவுன். ஷாங்காய்வாசி என்பதால் என்னிடம் பலரும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: அக்கா, இது தீம் பார்க்கா? டிக்கெட் எவ்வளவு?

தீம் பார்க் அல்ல, குடியிருப்பு. டிக்கெட் கிடையாது. கடைத்தெரு, தேவாலயம், ஏரிக்கரை எல்லாம் பொது இடங்கள். சுற்றிலும் இருக்கும் தனி வீட்டு வளாகங்களில் காவலர் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். உள்ளே மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

கேள்வி: சீனாவுக்கு எதற்கு ஒரு இங்கிலாந்து? யாருக்கு வந்த யோசனை இது?

மாநகராட்சிக்கு வந்த யோசனைதான். நகர நெரிசலைக் குறைக்க 2001-இல் 'ஒரு நகரம், ஒன்பது சிற்றூர்கள்' என்றொரு திட்டம் போட்டார்கள். புறநகரில் புதிய ஊர்கள். அவற்றில் பலவற்றுக்கு ஐரோப்பிய நாடு ஒன்றின் சாயல். ஃபோக்ஸ்வேகன் கார் ஆலை இருக்கும் ஆன்டிங்கிற்கு ஜெர்மனி, புஜியாங்கிற்கு இத்தாலி, சோங்ஜியாங்கிற்கு இங்கிலாந்து. ஆட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வடிவமைக்க, 2006-இல் கட்டி முடித்தார்கள். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர். குடியேற வேண்டியவர்கள் பத்தாயிரம் பேர்.

வீடுகள் விற்றன, ஆட்கள்தான் வரவில்லை. வாங்கியவர்களில் பலர் முதலீடாகவோ இரண்டாவது வீடாகவோ வாங்கிப் பூட்டிப் போட்டார்கள். குடித்தனம் இல்லாத தெருவில் கடை எப்படி ஓடும்? கடைகளும் ஒவ்வொன்றாக மூடின. திட்டம் போட்டவர்களுக்குத் தலைவலியாகிப்போன அந்த வெறுமைதான் இன்று கேமராவோடு வருபவர்களை இழுக்கிறது.

கேள்வி: பார்க்க உண்மையில் இங்கிலாந்து போலவே இருக்குமா? நான் லண்டனில் படித்தவன்.

தனித்தனியாகப் பார்த்தால் இருக்கும். தேவாலயம், பிரிஸ்டலின் கிளிஃப்டன் பகுதியில் உள்ள கிறைஸ்ட் சர்ச்சைப் பார்த்துக் கட்டியது. ஒரு மதுக்கடையும் மீன் வறுவல் கடையும் லைம் ரீஜிஸ் என்ற கடலோர ஊரில் இருப்பவற்றின் நகல்கள். தன் கடையைக் கேட்காமல் நகலெடுத்துவிட்டார்கள் என்று அங்கிருந்த உரிமையாளர் பத்திரிகைகளில் குறைப்பட்டுக்கொண்டார். சர்ச்சில், டயானா, ஹாரி பாட்டர் என்று சிலைகள் வேறு.

ஆனால் டியூடர் மன்னர் கால மரச்சட்ட வீட்டுக்கு இரண்டு எட்டில் ஜார்ஜியக் கால அடுக்கு வீடுகள், அதைத் தாண்டினால் விக்டோரியக் காலச் செங்கல். இங்கிலாந்தில் இந்த மாற்றத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. லண்டனில் படித்த கண்ணுக்கு இதெல்லாம் உறுத்தத்தான் செய்யும். ஒப்பிடுவதை விட்டுவிட்டு, நாடக மேடைக்குள் நுழைந்ததாக நினைத்துக்கொண்டால் ரசிக்கலாம்.

கேள்வி: படம் எடுக்க எப்போது போவது நல்லது? கூட்டம் இருக்குமா?

வார நாள் காலையில் போங்கள். அக்டோபர் முதல் வாரம் தேசிய தின விடுமுறை. அப்போது நாடே ஊர் சுற்றும், வேண்டாம். ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை அடைமழைக் காலம். அக்டோபர் கடைசியும் நவம்பரும் என் தேர்வு: வெயில் சாய்ந்து விழும், செங்கல் சுவரில் நிறம் ஏறும்.

கூட்டம் என்றால் அங்கே மணமக்கள்தான். சீனாவில் திருமணப் படங்களைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிடுவார்கள். உடை, ஒப்பனை, வண்டி என்று ஸ்டூடியோ மொத்தமாக ஒப்பந்தம் பேசிக்கொள்ளும். தேவாலயத்துக்கு முன்னிருக்கும் புல்வெளியில் பத்து நிமிடம் நின்று வேடிக்கை பாருங்கள். மணப்பெண்ணின் முக்காட்டு நுனியை ஓர் உதவியாளர் பிடித்திருப்பார். 'யி, அர், சான்' என்று எண்ணியதும் அதைக் காற்றில் வீசிவிட்டுக் குனிந்தபடியே கேமராவில் படாத இடத்துக்கு ஓடுவார். முக்காடு கீழே இறங்குவதற்குள் கேமரா நாலைந்து முறை சொடுக்கிவிடும். மறுபடி வீச்சு, மறுபடி ஓட்டம். வெள்ளை கவுனுக்கு அடியில் மணப்பெண் போட்டிருப்பது விளையாட்டுக் காலணி. எனக்குக் கட்டடங்களைவிட இந்தக் காட்சிதான் பிடிக்கும். மணமக்களைப் படம் எடுப்பதாக இருந்தால் கண்ஜாடையிலாவது அனுமதி கேளுங்கள். அவர்கள் பணம் கட்டி வந்திருக்கிறார்கள்.

கேள்வி: எப்படிப் போவது? எனக்குச் சீன மொழி ஒரு சொல்கூடத் தெரியாது.

மெட்ரோ 9-ஆம் தடம். நகருக்குள் இருக்கும் ஷுஜியாஹுய் நிலையத்தில் ஏறி சோங்ஜியாங் புதுநகர் நிலையத்தில் இறங்குங்கள்; ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம். இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் காட்டினால் போதும். புறப்படும் முன்பே ஊரில் வைத்து அலிபே என்ற பணம் கட்டும் செயலியைக் கைபேசியில் நிறுவி உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். சீன வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. உங்கள் நாட்டு சிம்மில் ரோமிங் போட்டு வந்தால் திறக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம் அக்கா. அங்கே என்ன கிடைக்கும்?

காபி, கேக் கிடைக்கும். அதை நம்பிக் குழந்தைகளோடு போகாதீர்கள். கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். காய்கறிப் பொரியல் என்று கேட்டு வாங்கினாலும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ கலந்திருக்கலாம். இரவு நகரத்துக்குத் திரும்பியதும் கோங்தேலின் போய்விடுங்கள். 1922-இல் தொடங்கிய பௌத்த சைவ உணவகம். தட்டில் வாத்து, மீன் போலத் தெரிவதெல்லாம் சோயாவும் கோதுமைப் புரதமும்தான், பயப்பட வேண்டாம்.

கேள்வி: விசா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். 240 மணி நேர டிரான்சிட் சலுகைப் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் இல்லை. சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் 30 நாள் வரை விசா வேண்டாம்.

கேள்வி: ஒரு முழு நாளுக்குத் தாங்குமா?

தாங்காது. மூன்று மணி நேரம் தாராளம். மதியத்துக்கு மேல் அதே 9-ஆம் தடத்தில் ஷேஷான் நிலையத்தில் இறங்கி, டாக்சி பிடித்துக் குன்றுக்குப் போங்கள். உச்சியில் இருக்கும் செங்கல் பேராலயம் ஐரோப்பியப் பாதிரிமார் எழுப்பி 1935-இல் முடித்தது. மே மாதத்தில் சீனக் கத்தோலிக்கர்கள் யாத்திரை வருவார்கள். மலையேற முடியாத பெரியவர்கள் உடன் இருந்தால் பழைய சோங்ஜியாங்கில் ஃபாங்தா பூங்கா இருக்கிறது. அதற்குள் சோங் அரச வம்ச காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஒன்பது அடுக்குச் சதுர கோபுரம். சமதரை, நிழல், உட்கார இடம் எல்லாம் உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்தால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.