ரிப்போர்ட்டில் 'எஸ்', கிருமி இன்னும் உள்ளே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமிக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று. கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'எஸ்' (கிருமி இதற்கு அடங்கும்) என்று வந்த மருந்தைத்தான் டொக்டர் எழுதினார், மாமியும் ஒரு வேளை தவறாமல் முடித்தார். மூன்று கிழமையில் திரும்பவும் எரிச்சல், காய்ச்சல். மறுபடி கல்ச்சர் செய்தால் அதே கிருமி, அதே மருந்துக்கு 'எஸ்'. லேப் பிழையா, மருந்து போலியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். லேபில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளை மேலே வைத்து, ஓர் இரவு 35 பாகைச் சூட்டில் விடுவார்கள். காலையில் வட்டைச் சுற்றி எத்தனை மில்லிமீற்றருக்குக் கிருமி வளரவில்லை என்று அளந்து 'எஸ்' அல்லது 'ஆர்' (அடங்காது) போடுவார்கள். ஆக, மருந்து பக்கத்தில் இருக்கும்போது கிருமி வளர்கிறதா என்பதற்குத்தான் அங்கே பதில் இருக்கிறது. வளராமல் உயிரோடு படுத்திருக்கும் கிருமி அந்த அளவில் பிடிபடாது. மருந்து வட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில், கிருமிக்குத் தீனியாக, குளுக்கோஸ் வட்டு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சில வகைக் கிருமிகளில், துடைத்து விட்டதுபோல் இருந்த இடத்திலேயே புள்ளி புள்ளியாக முளைத்து வந்தது.

இது புதுக்கதை இல்லை. 1944இல் ஜோசப் பிகர் என்ற ஆய்வாளர் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமிக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒன்று தப்பியது. தப்பியதை எடுத்து வளர்த்து அந்தப் பரம்பரைக்கு மறுபடி பெனிசிலின் கொடுத்தால், முன்போலவே பெரும்பாலும் செத்து, திரும்பவும் கொஞ்சம் தப்பியது. மருந்தை எதிர்க்கும் சக்தி வந்திருந்தால் பிள்ளைகள் எல்லாமே தப்பியிருக்க வேண்டும் அல்லவா? இந்த விடாக்கண்டன்களுக்கு 'பெர்சிஸ்டர்' என்று பெயர் வைத்தார். கூட்டத்தில் சிலது மட்டும் இப்படித் தப்பினால் பெர்சிஸ்டர், கூட்டமே மெதுவாகச் செத்தால் சகிப்புத்தன்மை என்று இப்போது பிரித்துச் சொல்கிறார்கள்.

எப்படித் தப்புகிறது? பெனிசிலின் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் குழப்புகிற மருந்து. மேசன் பாஸ் வேலைக்கே வராத வீட்டில் சீமெந்துக் கலவையைக் குழப்பி என்ன பயன்? வளராத கிருமி சுவர் கட்டுவதில்லை, மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. ஈ.கோலை கிருமியில் ஹிப்-ஏ என்ற புரதம் கூடினால் புதிய புரதம் செய்யும் வேலை நின்று, பட்டினி வந்ததுபோல் உள்ளே எச்சரிக்கை எழும்பி, வளர்ச்சி அடங்கிவிடும். மருந்து வந்த பிறகு பயந்து படுப்பதுதான் என்று நினைக்க வேண்டாம். சிலது அதற்கு முன்பே உறங்கிக் கிடப்பதை 2004இல் நத்தாலி பலபான் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் தனித்தனிக் கிருமிகளைப் பார்த்துக் காட்டினார்கள். என்னை மிகவும் அசத்தியது 2014இல் அவரது குழு செய்த சோதனை: ஈ.கோலைக்குத் தினமும் 3, 5, 8 மணிநேரம் என்று வெவ்வேறு நேர அளவில் அம்பிசிலின் (பெனிசிலின் வகை மருந்து) கொடுத்தபோது, ஒவ்வொரு கூட்டமும் தன் மருந்து நேரத்துக்கு ஏற்றபடி உறக்கத்தை நீட்டிக்கொண்டது! 2017இல் இன்னொன்றும் தெரிந்தது: இப்படிச் சகிக்கும் கிருமிகளிலிருந்துதான் பிறகு எதிர்ப்பும் எளிதாக முளைத்தது.

சரி, மாமிக்கு வருவோம். இதுதான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கல், நீரிழிவு, சிறுநீர்க் குழாய் போட்டிருப்பது, புதிதாகத் தொற்றியது எல்லாமே திரும்ப வரக் காரணமாகலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாக எடுத்துப்போய் டொக்டரிடம் காட்டுங்கள். பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் அதே அன்டிபயோடிக்கை வாங்கிப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள், தயவுசெய்து.

கேள்வி: தம்பிக்குக் காசநோய். இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை என்றாகிவிட்டது. இன்னும் நான்கு மாதம் எதற்கு?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நுணுக்குக்காட்டியில் தெரியவில்லை என்பதுதான் அந்த முடிவு. காசநோய்க் கிருமி இயல்பிலேயே மெதுவாக வளர்வது, அதிலும் சிலது நுரையீரலுக்குள் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அப்புறம் நான்கு மாதம் ஐசோனியசிட்டும் ரிஃபாம்பிசினும், அந்த மிச்சத்தைத் தீர்க்கத்தான். மற்றச் சில சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாள் மருந்தே போதும் என்று இப்போது தெரிகிறது, மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் காசநோயில் தம்பி தானாக நிறுத்தக்கூடாது.

கேள்வி: உறங்கும் கிருமியை எழுப்பி அடிக்க முடியாதா?
– வாசகி, மருதானை

பதில்: முயன்றிருக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவில், ஜெண்டாமைசின் என்ற அன்டிபயோடிக்கோடு மனிட்டோல் என்ற சீனி வகையைச் சேர்த்துக் கொடுத்தபோது உறங்கிய ஈ.கோலையும் மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டு செத்தது, எலிகளின் சிறுநீர்த் தொற்றிலும் பலன் தெரிந்தது. அதற்காகத் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டால் சரியா என்று அடுத்த கிழமை கடிதம் எழுதிவிடாதீர்கள்.