பாரின் மேலே ஏறுவது எப்படி? – உடற்பயிற்சி கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 23. இராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்காகப் பழகியதில், ஒரே மூச்சில் 14 புல் அப் (பார் எனும் உயரக் கம்பியில் தொங்கி, தாடை அதைத் தாண்டும் வரை உடலை இழுப்பது) எடுக்க முடிகிறது. ஆனால் மசில் அப், அதாவது அப்படி இழுத்துக்கொண்டே பாரின் மேலே ஏறிக் கைகளை ஊன்றி நிற்பது மட்டும் வரவில்லை. கழுத்தெலும்பு பாரைத் தொடும் வரை வந்து அப்படியே நின்றுவிடுகிறேன். உடலைத் தாங்கித் தூக்கிவிடும் தடித்த ரப்பர் பேண்டைப் பாரில் கட்டிப் பழகியும் பயனில்லை. இன்னும் எத்தனை புல் அப் எடுத்தால் இது கைகூடும்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தினாலும் நீங்கள் நிற்கும் இடம் பெரிதாக மாறாது. ஆள்சேர்ப்பு முகாமில் தாடை பாரைத் தாண்டினாலே ஒன்று என்று கணக்கிடுகிறார்கள். 10 எடுத்தவருக்கு முழு மதிப்பெண்ணான 40 கிடைத்துவிடுகிறது. ஆகவே தாடை தாண்டியதும் வேலை முடிந்தது என்றே உங்கள் உடல் பழகியிருக்கிறது. மசில் அப்புக்கு அது பாதி வழிகூட இல்லை.

தொங்கும்போது முழங்கை பாருக்குக் கீழே இருக்கிறது. உள்ளங்கை பாரைக் கீழ்நோக்கி இழுக்கிறது. மேலே ஏறி முடித்த நிலையில் முழங்கை பாருக்கு மேலே இருக்கிறது. உள்ளங்கை பாரை அழுத்துகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் முழங்கை பின்பக்கமாகச் சுழன்று மேலே வர வேண்டும், மணிக்கட்டும் பாரின் மேல் உருள வேண்டும். இதற்குத் தடையாக நிற்பது உங்கள் நெஞ்சுக்கு நேர் எதிரே உள்ள அந்தப் பார்தான். நேர்மேலே இழுப்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அதில் முட்டிக்கொண்டுதான் நிற்பார். உடல் போக வேண்டிய பாதை வில்லைப் போல வளைந்தது: முதலில் பாரை விட்டுச் சற்றுப் பின்னே விலகியபடி உயர வேண்டும், பார் வயிற்றின் மேற்பகுதிக்கு நேராக வந்ததும் தோள்களைப் பாரின் மேலே முன்னோக்கிச் சாய்க்க வேண்டும்.

அந்த வளைவு சிறிய வீச்சிலிருந்து பிறக்கிறது. தொங்கியபடி உடலை முன்னே ஆட விடுங்கள். முன்பக்க எல்லையைத் தொட்டு உடல் பின்னே திரும்பத் தொடங்கும் கணத்தில், கால்களைச் சற்று முன்னே தூக்கிக்கொண்டு, பாரை நெஞ்சுக்கு அல்ல, இடுப்பை நோக்கி இழுப்பதாக எண்ணிக்கொண்டு வேகமாக இழுங்கள். கணம் தப்பி இழுத்தால் வீச்சு வீணாகி, பழைய புல் அப்பே மிஞ்சும். வீச்சை ஏமாற்று வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கற்கும் காலத்தில் அது பாதையைக் காட்டும் ஆசான், பலம் கூடியபின் தானாகவே குறைந்துவிடும்.

பிடியையும் கவனியுங்கள். பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் மணிக்கட்டு உருளாது. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு பாரின் மேற்பக்கமே வைத்து, விரல் கணுக்கள் மேல்நோக்கி இருக்கும்படி கொஞ்சம் ஆழமாகப் பிடியுங்கள். சுழலும் நொடியில் பிடி சற்றுத் தளரட்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் பயன்படும் பாரின் விட்டம் 2.8 செ.மீ. மட்டுமே. நம் பூங்காக்களில் பல இடங்களில் தண்ணீர்க் குழாய் போன்ற தடித்த கம்பியை நட்டு வைத்திருக்கிறார்கள். அதில் இந்த உருட்டல் இன்னும் கடினம் என்பதால், கிடைப்பவற்றுள் மெல்லிய பாரைத் தேடிப் பிடியுங்கள்.

ரப்பர் பேண்ட் உங்களுக்கு உதவாததற்கும் காரணம் உண்டு. அது மிகுதியாக நீண்டிருப்பது நீங்கள் கீழே தொங்கும்போது; ஆகவே அங்கேதான் அதிகமாகத் தூக்கிவிடுகிறது, உங்களுக்கோ அங்கே உதவியே தேவையில்லை. நீங்கள் திணறும் மேற்பகுதிக்கு வருவதற்குள் அது தளர்ந்து சும்மா தொங்குகிறது. அதைவிட, நெஞ்சு உயரத்தில் உள்ள தாழ்ந்த பாரைப் பிடித்து, தரையிலிருந்து சிறு குதி குதித்து, அந்தச் சுழற்சியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அடுத்து, மேலே ஏறி நின்ற நிலையிலிருந்து, நெஞ்சு பாரை உரசும் இடத்தில் ஐந்து நொடியாவது எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கப் பழகுங்கள். மூன்று நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பாரின் மேலே கைகளை ஊன்றி இறங்கி ஏறும் டிப்ஸ் 10 ஆவது சிரமமின்றி வர வேண்டும். இழுக்கும் பயிற்சியிலேயே மூழ்கியவர்கள் இதை மறந்துவிட்டு, சுழன்று மேலே வந்தபின் எழ முடியாமல் பார்மேல் துணிபோலத் தொங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஓய்வு விட்டுச் செய்தால் போதும்.

ஒரு கையை முதலில் மேலே போட்டு, பிறகு மற்றதை இழுத்துக்கொண்டு ஏறும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கணத்தில் பாரம் ஒரு தோளிலேயே கோணலாக இறங்குகிறது. பழகிவிட்டால் மாற்றுவதும் கடினம்.

கேள்வி: வயது 41. நான்கு மாதமாகத் தினமும் மசில் அப் பயிற்சி. இப்போது முழங்கையின் உட்புறம் வலிக்கிறது. காலையில் தேநீர்க் குவளையைத் தூக்கினாலும் சுளீரென்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தொடர வேண்டாம். விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகள் முழங்கையின் உட்புற எலும்பில்தான் தசைநாராக வந்து இணைகின்றன. தசை சில வாரங்களில் பலப்பட்டுவிடும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். தசை முந்திக்கொண்டு போக, தசைநார் பின்தங்கி நிற்பதைத்தான் இந்த வலி சொல்கிறது. அதை மாத்திரையால் அமுக்கிவிட்டு இழுத்தால், நிறுத்த வேண்டிய இடம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். வலி தரும் இழுப்புகளைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, வலி அடங்கத் தொடங்கியதும் ஒரு கிலோ எடையைக் கையில் பிடித்து, முன்கையைத் தொடைமீது கிடத்தி, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க மணிக்கட்டை மெதுவாக இறக்கிப் பழகலாம். சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் மரத்துப்போகும் உணர்வு இருந்தால் நரம்பும் அழுத்தப்படுகிறது என்று பொருள். காலம் தாழ்த்தாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மீண்டும் தொடங்கும்போது தினமும் என்பதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கதவு நிலையில் பொருத்தும் பாரில் மசில் அப் பழகலாமா? அல்லது ஜிம்னாஸ்டிக்ஸ் வளையம் வாங்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கதவுப் பார் புல் அப்புக்கு மட்டுமே. மேலே தலைக்கு இடமில்லை. திருகி இறுக்கும் வகை என்றால் வீச்சில் நழுவியும் விடும். வளையம் நல்ல தேர்வு. பாரைப் போல அது நெஞ்சுக்குக் குறுக்கே நிற்காமல் உடலின் இருபக்கமும் விலகிக்கொள்வதால், மணிக்கட்டை வளையத்தின் மேல் மடக்கி வைத்துப் பிடித்தால் வீச்சே இல்லாமல் மெதுவாக ஏற முடியும். ஆனால் அது ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், மேலே கைகளை நீட்டி அரை நிமிடம் அசையாமல் நிற்பதை முதலில் பழகுங்கள். வளையத்தை உறுதியான விட்டத்திலோ கான்கிரீட் தளத்தில் பதித்த கொக்கியிலோ மாட்டுங்கள். மின்விசிறிக் கொக்கியில் மாட்டலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது. அது விசிறியின் எடைக்காகப் பதித்தது, ஆடும் மனிதருக்காக அல்ல.