நிக்ஸன் ஏன் பாட வேண்டும்?

வணக்கம்.

நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். வெளிநாட்டில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது மேற்கத்திய இசை நாடகமான ஓபராவின் சில பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். வெர்டியின் 'லா திராவியாத்தா' மொழி தெரியாமலே பிடித்துப்போனது. அடுத்து, "அப்பா, இது நம்ம காலத்துக் கதை" என்று நிக்ஸன் சீனாவுக்குப் போன ஓபராவைப் போட்டாள். விமானத்திலிருந்து இறங்கிய நிக்ஸன், கை குலுக்கிவிட்டு "செய்தி, செய்தி, செய்தி" என்று பாட ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் அங்கத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அணுகுண்டு, பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு, ஸ்டீவ் ஜாப்ஸ் என்று எல்லாவற்றுக்கும் இப்போது ஓபரா இருக்கிறதாம். பேப்பரில் படித்து முடித்ததை எதற்கு மூன்று மணி நேரம் பாட வேண்டும்? காதல், சாவு, சாபம் இவைதானே பாட்டுக்கு ஏற்றவை? காந்தியைப் பற்றியும் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். அதைப் பார்க்கலாமா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

நீங்கள் சிரித்தது சரிதான், அந்த இடம் சிரிப்பு வரும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. 1972 பிப்ரவரியில் பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இறங்கும் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்போதே, அமெரிக்காவில் இது டிவியில் எந்த நேரத்துக்கு ஓடும், எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போடுகிறார். ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும் அந்தப் பாட்டிலேயே மனிதரின் பரபரப்பும் தற்பெருமையும் தெரிந்துவிடுகின்றன. ஜான் ஆடம்ஸ் இசையமைக்க, ஆலிஸ் குட்மன் பாடல்களை எழுதி, 1987-ல் ஹூஸ்டனில் அரங்கேறியது. அப்போது நிக்ஸன் உயிரோடுதான் இருந்தார்.

நீங்கள் பாதியில் நிறுத்தியதுதான் வருத்தம். மூன்றாவது அங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பீகிங்கில் அவர்களுடைய கடைசி இரவு அது. பேச்சுவார்த்தை, விருந்து எல்லாம் முடிந்துவிட்டது. பீட்டர் செல்லர்ஸ் இயக்கிய முதல் மேடையேற்றத்தில் வரிசையாகக் கட்டில்கள் போட்டிருக்கும். நிக்ஸன் உலகப் போரின்போது பசிபிக் தீவில் ஹாம்பர்கர் கடை போட்ட கதையை மனைவியிடம் சொல்கிறார். மாவோவும் மனைவி ஜியாங் சிங்கும் இளமைக் காலத்தை நினைத்துக்கொள்கிறார்கள். தூக்கம் வராத சீனப் பிரதமர் சூ என்லாய், நாம் செய்ததில் எவ்வளவு நல்லது என்று கேட்கிறார். யாரும் பதில் சொல்வதில்லை, ஓபரா அங்கே முடிந்துவிடுகிறது.

இந்த இரவு எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நடந்ததைச் சொல்வதற்குப் பாட்டு தேவையே இல்லை, அந்த வேலையைச் செய்தியே நன்றாகச் செய்யும். ஒன்று நடப்பதற்கு முன் காத்திருக்கிற நேரமும் நடந்து முடிந்தபின் புரண்டு படுக்கிற நேரமும்தான் பாட்டுக்கு உரியவை. நீங்கள் கச்சேரி கேட்பவர். ஒரு வரியை எடுத்து அரை மணி நிரவல் பாடும்போது கதை ஒரு அடிகூட நகர்வதில்லை, அதற்காக யாரும் எழுந்து போவதும் இல்லை. நல்ல புது ஓபராக்கள் செய்தியில் அப்படி ஒரு வரியைத் தேடிப் பிடிக்கின்றன. அது கிடைக்காதவை தோற்றுப்போகின்றன. 2017-ல் சாந்தா ஃபேயில் அரங்கேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ஓபரா என் கணக்கில் இரண்டாவது வகை. விருதெல்லாம் வாங்கியதுதான், ஆனால் வாழ்க்கையின் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது, எங்கும் உட்காருவதில்லை.

காலத்துக் கதை என்பது புது மோகமும் அல்ல. உங்களைக் கவர்ந்த 'லா திராவியாத்தா'வை 1853-ல் வெர்டி தன் காலத்துக் கதையாகவே, அன்றைய உடைகளோடு மேடையேற்ற விரும்பினார். வெனிஸில் விடவில்லை. கதையை 1700 வாக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று நமக்கு அது பழங்கதையாகத் தெரிவதால் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அணுகுண்டு ஓபராவும் ஆடம்ஸ் செய்ததுதான். 2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்தது. பாடல் நூலைச் செல்லர்ஸ் புதிதாக எழுதவில்லை. ரகசியம் நீக்கப்பட்ட அரசு ஆவணங்கள், நினைவுக் குறிப்புகள், கவிதைகள் இவற்றிலிருந்து வெட்டி ஒட்டினார். முதல் அங்கத்தின் முடிவில் குண்டோடு தனியாக நிற்கும், அதைச் செய்த விஞ்ஞானிகளின் தலைவர் ஓபன்ஹைமர் பாடுவது ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் பக்திக் கவிதை: இறைவா, என்னை அடித்து நொறுக்கிப் புதிதாக்கு என்ற மன்றாட்டு. இரண்டாம் அங்கம் முழுக்க 1945 ஜூலை 16 விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். இடி, மழை, சோதனையைத் தள்ளிப்போடலாமா என்ற வாக்குவாதம். நடுவில் கோரஸ் கீதையின் விசுவரூப தரிசனத்தை ஆங்கிலத்தில் பாடுகிறது. (ஓபன்ஹைமர் பெர்க்லியில் முறையாகச் சமஸ்கிருதம் படித்தவர்.) பெரிய வெடிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடைசியில் கேட்பது, ஒரு ஜப்பானியப் பெண் தண்ணீர் கேட்கும் குரல்.

பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு என்று உங்கள் மகள் சொன்னது ஃபின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோவின் 'இன்னொசென்ஸ்' ஆக இருக்கும். 2021-ல் பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஓபரா விழாவில் அரங்கேறியது. சாரியாஹோ 2023-ல் இறந்துபோனார். சமீபத்தில் வந்தவற்றில் இதற்கு இணையாக எனக்கு எதுவும் இல்லை. துப்பாக்கிச் சூடு நடந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. ஹெல்சிங்கியில் ஒரு கல்யாண விருந்து. பரிமாற வேண்டிய பெண்ணுக்கு உடம்பு சரியில்லாததால் கடைசி நேரத்தில் வேறொருத்தி வருகிறாள். தட்டை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் தெரிகிறது, தன் மகளைச் சுட்டுக் கொன்றவனின் கூடப்பிறந்தவன்தான் மாப்பிள்ளை. மணப்பெண் ருமேனியாவிலிருந்து வந்தவள். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

ஒரு மாடியில் விருந்து, இன்னொரு மாடியில் வகுப்பறை என்று மேடை சுழன்றுகொண்டே இருக்கிறது. உயிர் பிழைத்த மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் பேசுகிறார்கள். மொத்தம் ஒன்பது மொழிகள். அவர்களில் பலர் பாடுவதே இல்லை, தாளத்தில் பேச்சு மட்டும். பாட முடியாத அளவுக்கு உடைந்தவர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். செத்துப்போன மகள் மட்டும் ஃபின்லாந்து நாட்டுப்புறப் பாடகர்களின் தொண்டையில், மாடு மேய்ப்பவர்கள் கூவி அழைக்கிற மாதிரி, பாடுகிறாள். சோஃபி ஒக்ஸனென் எழுதிய கதை போகப்போக, தலைப்பிலிருக்கும் குற்றமற்ற தன்மையை ஒவ்வொருவரிடமிருந்தும் கழற்றி எடுக்கிறது. கொலைகாரன் மேடைக்கு வருவதே இல்லை. யார் யாருக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் ஆட்சேபத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. கதைக்குரியவர்களும் அவர்கள் குடும்பமும் உயிரோடு இருக்கும்போது அதைப் பாட யாருக்கு உரிமை? 1985-ல் அகிலே லாவ்ரோ என்ற கப்பலைப் பாலஸ்தீன ஆயுதக்குழு கடத்தியபோது, சக்கர நாற்காலியிலிருந்த லியோன் கிளிங்ஹோஃபர் என்ற 69 வயது அமெரிக்க யூதரைச் சுட்டுக் கடலில் தள்ளினார்கள். ஆறே வருஷத்தில், 1991-ல், ஆடம்ஸும் குட்மனும் அதை ஓபரா ஆக்கினார்கள். அது வீடிழந்த பாலஸ்தீனர்களின் கோரஸில் தொடங்கி, வீடிழந்த யூதர்களின் கோரஸுக்குப் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்ததே அநியாயம் என்று குடும்பத்தார் எதிர்த்தார்கள். 2014-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அதைப் போட்டபோது வாசலில் ஆர்ப்பாட்டம். உலகத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்ப இருந்ததை நிர்வாகம் ரத்து செய்தது. ஓபராவின் பக்கம்தான் நான் நிற்கிறேன். கிளிங்ஹோஃபரின் உடல் விழும்போது வரும் பாட்டும், கடைசியில் அவர் மனைவி பாடுவதும் யாரையும் தப்பவிடுவதில்லை. ஆனால் என் அப்பாவாக இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

இனி காந்தி. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் 'சத்தியாகிரகம்' 1980-ல் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்க ஆண்டுகள் மட்டும்தான், அதுவும் வரிசை மாறி. முதல் காட்சியில் குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கும் கிருஷ்ணனுக்கும் நடுவே காந்தி வந்து நிற்கிறார். பாடுவது முழுக்க கீதைச் சுலோகங்கள், சமஸ்கிருதத்தில். மேடையில் கூட்டம் காந்தியைக் கல்லால் அடிக்கிறது, பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்துகிறார்கள். வாயிலிருந்து வருவதோ கீதை. மெட்ரோபாலிட்டனில் 2008-ல் போட்டபோது, இருக்கைக்கு முன்னால் வழக்கமாக ஓடும் மொழிபெயர்ப்பைக்கூட நிறுத்திவிட்டார்கள். சில வரிகள் மட்டும் மேடைச் சுவரில் வரும். செய்தித்தாளைக் கசக்கிச் செய்த பெரிய பெரிய பொம்மைகள் உலவும். பேப்பரில் படித்ததை எதற்குப் பாட வேண்டும் என்று கேட்ட உங்களுக்கு அவை பிடிக்கலாம்.

மூன்றாம் அங்கம் முழுக்க 1913-ல் தென்னாப்பிரிக்காவின் நியூகாசிலிலிருந்து நடந்த நடைப்பயணம். பாத்திரங்களில் மிஸஸ் நாயுடு என்று ஒரு சோப்ரானோ (உச்சஸ்தாயியில் பாடும் பெண் குரல்) உண்டு. அந்தப் பெயர் வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஒன்றும் சொல்லாது. நமக்குச் சொல்ல வேண்டும். ஜோகானஸ்பர்க் தமிழர் சங்கத் தலைவர் தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் உட்பட பதினோரு பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், கைக்குழந்தைகளோடு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள். கூலி ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் அங்கேதான் பற்றிக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். நேட்டாலிலிருந்து ட்ரான்ஸ்வாலுக்கு எல்லை தாண்டி நடந்தவர்கள் காந்தியின் கணக்குப்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்ததும் இந்தப் போராட்டத்தில்தான்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நடந்தவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். அவர்கள் வாயில் சமஸ்கிருதம். கிளாஸுக்கு அது காந்தியின் மனசுக்குள் ஓடும் மொழி, அந்த நியாயம் புரிகிறது. இருந்தாலும் கோரஸ் பாடும்போதெல்லாம் சுரங்கத்துக்காரர்களின் பேச்சு எங்கே என்று தோன்றிக்கொண்டே இருக்கும். அதைப் பாட இன்னொரு ஓபரா வர வேண்டும், யாராவது செய்யட்டும்.

கடைசிப் பாட்டைச் சங்கீதக்காரராக நீங்கள் தவறவிடக்கூடாது. கூட வந்தவர்கள் எல்லாரும் போய்விட, இரவில் காந்தி தனியாகப் பாடுகிறார். கீதையின் நான்காம் அத்தியாயம், யுகந்தோறும் வருவேன் என்று கிருஷ்ணன் சொல்லும் இடம். எட்டு ஸ்வரங்கள் ஏறி வருகின்றன, திரும்பத் திரும்ப அதேதான். ஸ்வர ஸ்தானங்களைப் பார்த்தால் தோடியின் ஆரோகணம். கமகம் கிடையாது, அதனால் தோடி என்று உங்கள் காது ஒத்துக்கொள்ளாது. முதல் சில சுற்றில் எரிச்சல் வரும். கீழே ஆர்கெஸ்ட்ரா நகர்வதைக் கவனித்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

பார்ப்பதற்கு முன் காந்தி எழுதிய தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் பெண்கள் சிறை போன அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள், மேடையில் யார் யார் என்று தெரியும். அப்புறம் நிக்ஸனை மூன்றாம் அங்கத்திலிருந்து தொடங்கலாம். சாரியாஹோவை மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடாதீர்கள். ஒன்றே முக்கால் மணி நேரம்தான், ஆனால் முடிந்தபின் தூக்கம் வராது. ஸ்டீவ் ஜாப்ஸை விட்டுவிடலாம், மகள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றால்.