மூன்று முறை பிரித்தும் நிற்காத கியர்பாக்ஸ் சத்தம்

கேள்வி: கோத்தகிரியில் எஸ்டேட் வேலைக்காகப் பழைய டீசல் ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை கியர்பாக்ஸைப் பிரித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ஐந்தாம் கியரில் ஊளைச் சத்தம் தொடங்கி, பிறகு பின்பக்க பேரிங் போகிறது. கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி) தனித்தனி ஆயில்தான். தரையில் ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. வேறு கியர்பாக்ஸ் வாங்கிப் போடச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். ஒரே பாகம் ஒரே வரிசையில் மூன்று முறை போகிறதென்றால், கோளாறின் வேர் அந்தப் பாகத்தில் இல்லை என்றே கொள்ள வேண்டும். இத்தகைய பல கியர்பாக்ஸ்களில் ஐந்தாம் கியர் கடைக்கோடியில், பின்பக்கம் இருக்கும். ஆயில் குறைந்த நிலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, இருக்கிற ஆயிலும் முன்பக்கம் சாய்ந்துவிட, அந்தக் கோடி காய்கிறது. ஐந்தாம் கியர் போடாவிட்டாலும் அதன் பற்கள் சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

சிந்தாத ஆயில் எங்கே போகிறது? கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால், ஆயில் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே இடம் மாறிவிடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறிய பிறகு, அடியில் தட்டு வைத்து இரண்டின் ஃபில்லர் பிளக்கையும் (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆயில் கொட்டி, கியர்பாக்ஸ் துளையில் விட்ட சுண்டுவிரலில் ஆயில் படாவிட்டால் சந்தேகம் அநேகமாக உறுதியாகிவிடும்.

ஆனால் சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடச் சொல்லாதீர்கள். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால், எத்தனை புதிய சீல் போட்டாலும் சில மாதங்களில் மறுபடி கசியும். மூன்று முறையும் தவறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும், இரண்டு பிரீதர்களும் (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் துளைகள்) சேற்றால் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பிரீதர் அடைபட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும்.

ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம். இரும்புத் துணுக்குகள் இருந்தால் பேரிங்கோ பற்களோ உதிர்கின்றன. ஆயிலில் பொன்னிறத் துகள் மினுமினுத்தால் சிங்க்ரோ ரிங் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) தேய்கிறது. கையேட்டில் கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 ஊற்ற வேண்டாம், அதிலுள்ள சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

இரண்டிலும் ஆயில் அளவு சரியாக இருந்தால், அடுத்து கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு கியர்பாக்ஸை இணைக்கும் கூடு) நேராக அமர்ந்திருக்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.