முகம் பார்த்துப் பேசாதவரை வேலைக்கு எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் 35 பேரோடு பனியன் ஏற்றுமதி செய்கிறேன். ஆவணப் பிரிவுக்கு வந்த பி.காம். பையனுக்கு ஆட்டிசம், முகம் பார்த்தே பேசவில்லை. எடுத்தால் லாபமா, தர்ம காரியமா? ஒரு ஏஜென்ட், "பாதிச் சம்பளம் அரசு தரும், பேப்பர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

பதில்: தர்மம் என்று நினைத்தால் எடுக்காதீர்கள், இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். எஸ்.ஏ.பி. என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் 2013 முதல் ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடி எடுக்கிறது, பெங்களூருவிலும்தான். அது புண்ணியக் கணக்கில்லை.

உங்கள் ஊர்க் கதையே சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் இப்படி வந்தவரிடம் 50 பேக்கிங் லிஸ்ட் (எந்தப் பெட்டியில் எந்தச் சரக்கு என்ற பட்டியல்) கொடுத்தோம், மூன்றில் வேண்டுமென்றே சைஸை மாற்றி வைத்து. அவர் நான்கை எடுத்து நீட்டினார். நான்காவது, முந்தைய வாரம் நிஜமாகவே கப்பலேறிப் போன தப்பு! தப்புக்காக வாங்குபவர் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் ஒன்று வந்தால் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றபோது அதே மனிதர் வாயே திறக்கவில்லை. நீங்களும் பேச்சை விட்டுவிட்டு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். சொல்வதை எழுதிக் கொடுங்கள், தையல் மெஷின் சத்தத்துக்குத் தள்ளி மேசை போடுங்கள்.

சரி, அந்த ஏஜென்ட். வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆளைப் பெயருக்குச் சேர்த்து, அவருடைய ஏ.டி.எம். கார்டைத் தாங்களே வைத்துக்கொள்ளும் கூட்டம் இது. அரசுச் சலுகை என்ன உண்டு என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்குக் கட்டணம் கிடையாது. அதற்கும் இந்த ஏஜென்ட்கள் பணம் கேட்பார்கள்.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு மிகுந்த நிலை) தனியாக இல்லை. ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ளவரையும் தாராளமாக வேலைக்கு எடுக்கலாம், அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் "வேறு குறைபாடு போட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். பொய் சொல்லிச் சலுகை வாங்கினால் 2 ஆண்டு வரை சிறை.

பிறவியிலேயே வந்த ஆட்டிசத்துக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்து, மறுபடி வா என்று அலையவிடுகிற அமைப்பு இருக்கும்வரை இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பு உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வாய்ப்பும் வசதியும் தருவீர்கள் என்று சொல்லும் சம வாய்ப்புக் கொள்கையையும் எழுதி வெளியிட்டாக வேண்டும். உங்கள் ஆடிட்டருக்கே தெரியும். சம்பளம், அதே வேலைக்கு மற்றவர்களுக்குத் தருவதுதான். அவருடைய சொந்தக் கணக்கில் போடுங்கள்.